மருத்துவரும் நோயாளியும் கூட்டாகச் சிகிச்சையை நடத்துவது எப்படி: சென்னைவாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அரசு மருத்துவமனையில் காலையிலேயே ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நிற்பவருக்கும், தனியார் மருத்துவமனையில் டோக்கன் எடுத்து ஏ.சி. அறையில் காத்திருப்பவருக்கும் ஒரு விஷயம் பொதுவானது. மருத்துவரின் எதிரே அமர்ந்து பேசக் கிடைப்பது சில நிமிடங்களே. அந்த நேரத்தில் நம்மில் பெரும்பாலானவர்கள் கேட்ட கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்லி, எழுதித் தந்த சீட்டை வாங்கிக்கொண்டு, "சரிங்க டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு எழுந்துவிடுகிறோம். புரியாமல் போனவற்றை மருந்துக் கடைக்காரரிடமும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம், அல்லது கேட்காமலேயே விட்டுவிடுகிறோம். மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் வராமல் இருப்பதற்குப் பல நேரங்களில் இந்தத் தலையாட்டலே காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

நோயின் போக்கு மருத்துவருக்குத் தெரியும். அந்த நோயை வைத்துக்கொண்டு ஒருவர் எத்தனை மணிக்கு எழுகிறார், என்ன சாப்பிடுகிறார், எத்தனை மாடி ஏறுகிறார், எந்த மாத்திரையைக் கண்டு பயப்படுகிறார் என்பது அந்த நோயாளிக்கு மட்டுமே தெரியும். சிகிச்சை இந்த இரண்டு அறிவையும் சேர்த்துத்தான் அமைய வேண்டும். கீழே சொல்லப்படும் படிகள் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய், மூட்டுவலி, புற்றுநோய் என்று நீண்ட நாள் நீடிக்கும் நோய்களுக்கு உரியவை. விபத்து, நெஞ்சுவலி, பக்கவாதம் போன்ற ஆபத்தான வேளையில் கலந்து பேச அவகாசமில்லை. 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதே முதல் வேலை.

முதல் படி: ஒரு நிலையான மருத்துவரை அமைத்துக்கொள்ளுங்கள்

சென்னையில் சிறப்பு மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. அதனாலேயே முழங்கால் வலித்தால் எலும்பு மருத்துவர், தலை சுற்றினால் நரம்பு மருத்துவர், நெஞ்சு படபடத்தால் இதய மருத்துவர் என்று நாமாகவே முடிவுசெய்துகொண்டு ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்குகிறோம். ஒவ்வொருவரும் தம் துறைக்குரிய மருந்தை எழுதுகிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஒருவரும் இருப்பதில்லை. ஆகவே வீட்டுக்கு அருகில் உள்ள ஒரு பொது மருத்துவரையோ, மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தையோ உங்கள் முதல் இடமாக வைத்துக்கொள்ளுங்கள். சிறப்பு மருத்துவர் எழுதித் தரும் எந்தச் சீட்டையும் அடுத்த முறை இந்த நிலையான மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களை ஐந்தாறு ஆண்டுகளாகப் பார்த்துவரும் ஒருவர் முகத்தைப் பார்த்தே "என்ன, இளைச்சுட்டீங்க?" என்று கேட்பார், அந்தக் கேள்வியை எந்த ஸ்கேனும் கேட்காது.

இரண்டாம் படி: போவதற்கு முந்தைய நாள் வீட்டில் செய்ய வேண்டியவை

இந்தப் படியில் செலவிடும் அரை மணி நேரம், மருத்துவரின் அறையில் கிடைக்கும் சில நிமிடங்களைப் பல மடங்கு பயனுள்ளதாக்கும். பழைய சீட்டுகள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தந்த டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றைத் தேதி வரிசையில், புதியது மேலே இருக்கும்படி ஒரே ஃபைலில் வையுங்கள். ஜவுளிக்கடைப் பையில் எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு போய் மருத்துவரின் மேசையில் கொட்டினால், அவர் தேடுவதற்குள் உங்கள் முறை முடிந்துவிடும்.

அதைவிட முக்கியமானது மருந்துப் பை. இப்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும், பாதி தீர்ந்தவை உட்பட, அப்படியே எடுத்துச் செல்லுங்கள். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே சிறிய எழுத்தில் இருப்பதுதான் உள்ளே இருக்கும் மருந்தின் பெயர். இரத்த அழுத்தத்துக்கு ஒரு மருத்துவர் ஒரு பெயரிலும், இதய மருத்துவர் வேறொரு பெயரிலும் எழுதித் தந்த இரண்டு அட்டைகளைத் திருப்பிப் பார்த்தால், இரண்டிலும் அம்லோடிபின் என்றே அச்சிட்டிருக்கும். நோயாளி இரண்டையும் நம்பிக்கையோடு சாப்பிட்டுக்கொண்டு, கால் வீங்குகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்று மூன்றாவது மருத்துவரைத் தேடிக்கொண்டிருப்பார். மேசையில் அட்டைகளைப் பரப்பி வைத்தால் ஒரு பார்வையில் பிடிபடும் தவறு இது. வாயால் "பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று சொல்வதால் ஒருபோதும் பிடிபடாது.

அந்தப் பையில் ஆங்கில மருந்து மட்டும் இருந்தால் போதாது. சித்த மருந்து, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சூரணம், உறவினர் சொல்லி வாங்கிய சத்து மாவு, வலி வந்தால் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரை ஆகிய எல்லாம் அதில் இருக்க வேண்டும். குறிப்பாக வலி மாத்திரை. மாதக்கணக்கில் தொடர்ந்து சாப்பிடும் வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. ஏற்கெனவே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆனால் அதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்த்துச் சொல்வதே இல்லை.

வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தால், போவதற்கு முந்தைய ஒரு வாரத்து அளவுகளைக் குறித்து வாருங்கள். அளக்கும் முறை சரியாக இருக்க வேண்டும்: அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபியும் புகையும் கூடாது, சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதங்கள் தரையில் படும்படி ஐந்து நிமிடம் அமைதியாக அமர வேண்டும், கை இதயத்தின் உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும், பேசிக்கொண்டே அளக்கக் கூடாது. மருத்துவமனைப் பரபரப்பில் எடுக்கும் ஒற்றை அளவைவிட இந்த ஒரு வாரக் குறிப்பு மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

கடைசியாக, ஒரு துண்டுத் தாளில் மூன்று கேள்விகளை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பத்துக் கேள்விகள் எழுதினால் பத்தும் அரைகுறையாகவே முடியும்.

மூன்றாம் படி: உட்கார்ந்தவுடன் முக்கியமானதைச் சொல்லுங்கள்

நம் ஊர் வழக்கப்படி முதலில் சளியைப் பற்றியும் தூக்கமின்மையைப் பற்றியும் பேசிவிட்டு, எழுந்து கதவருகே போன பிறகு "அப்புறம் டாக்டர், ரெண்டு நாளா மலத்துல ரத்தம் வருது" என்று சொல்வோரை எல்லா மருத்துவர்களும் பார்த்திருப்பார்கள். தயக்கம் புரிகிறது. ஆனாலும் எது உங்களை இரவில் தூங்கவிடாமல் செய்ததோ அதுதான் முதல் வாக்கியமாக இருக்க வேண்டும். சொல்லக் கூச்சமாக இருந்தால், துண்டுத் தாளில் அதை முதல் வரியாக எழுதி அவரிடமே நீட்டிவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சொல்லும்போது உடலில் என்ன தெரிகிறதோ அதைச் சொல்லுங்கள். நோயின் பெயரை நீங்களே முடிவுசெய்து சொல்லாதீர்கள். சென்னையில் இதனால் போன உயிர்கள் உண்டு என்பதற்கு, வாயுத் தொல்லையைக் குறிக்கும் "கேஸ்" என்ற ஒரு சொல்லே போதும். நெஞ்சில் பாரம் வைத்து அழுத்துவது போலிருக்கிறது, இடது கைக்கும் தாடைக்கும் பரவுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்று சொல்ல வேண்டியதை, "கேஸ் ட்ரபிள் டாக்டர், வாய்வு புடிச்சிருக்கு" என்று சொன்னால் கேட்பவரின் கவனம் வயிற்றுப் பக்கம் போகக்கூடும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு பெரிய வலியில்லாமல், வெறும் மூச்சிரைப்பாகவும் களைப்பாகவும்கூட வரலாம் என்பதால் அவர்கள் இன்னும் விவரமாகச் சொல்ல வேண்டும். எப்போது தொடங்கியது, எங்கே இருக்கிறது, எதைச் செய்தால் கூடுகிறது, எதைச் செய்தால் குறைகிறது, முன்பு இப்படி வந்ததுண்டா என்ற ஐந்துக்கும் விடை இருந்தால் நோயைக் கண்டுபிடிக்கும் வேலையில் பாதியை நீங்கள் செய்துவிட்டீர்கள்.

நான்காம் படி: உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா மயிலாப்பூர் தெப்பக்குளத்தின் பக்கம் பூ விற்கிறார். விடிவதற்கு முன்பே கோயம்பேடு சந்தைக்குப் போய்ப் பூ எடுத்து வந்து, நண்பகல் வரை ஓரிடத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டும் விற்றுக்கொண்டும் இருப்பார். அவருடைய இரத்த அழுத்தம் குறையவே இல்லை. "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாம்மா?" என்று கேட்டபோதெல்லாம் "போடுறேன் டாக்டர்" என்றே சொல்லியிருக்கிறார். எனவே ஒவ்வொரு முறையும் மருந்தின் அளவு கூடியது. இன்னொரு மாத்திரையும் சேர்ந்தது. பிறகு வந்த ஓர் இளம் மருத்துவர் கேள்வியை மாற்றினார். "காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்குற வரைக்கும் எதை எப்போ போடுறீங்க, சொல்லுங்கம்மா" என்று கேட்டுவிட்டு அட்டைகளை எடுத்து வைக்கச் சொன்னார். மற்ற அட்டைகளில் குழிகள் காலியாக இருந்தன. நீர் மாத்திரை அட்டை மட்டும் பிரிக்கப்படாமல் முழுதாக இருந்தது.

"அதப் போட்டா அடிக்கடி ஒண்ணுக்குப் போகணும் டாக்டர். கடைய யாருகிட்ட விட்டுட்டுப் போவேன்? போறதுக்கு அங்க இடமும் இல்ல."

மருத்துவர் அவரைத் திட்டவில்லை. நீர் மாத்திரையை அவர் வீடு திரும்பும் மதிய நேரத்துக்கு மாற்றினார். புதிதாகச் சேர்த்த மாத்திரையை நிறுத்தினார். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். அழுத்தம் இறங்கியிருந்தது. புதிய மருந்து எதுவும் தேவைப்படவில்லை. இத்தனை நாள் அந்த அம்மா பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. "ஒழுங்கா போடுறீங்களா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று சொல்வது நம் ஊரில் மரியாதைக் குறைவாகவும், ஏச்சு வாங்கும் செயலாகவும் இருக்கிறது, அதனால்தான் "போடுறேன்" என்ற பதில் வந்தது.

ஆகவே இந்தப் படி இருவருக்கும் உரியது. நோயாளி சொல்ல வேண்டியவை: விட்டுப்போன மாத்திரைகள், குடி, புகை, பாக்கு, கட்டுப்படியாகாத விலை, விரதம். ஏகாதசிக்கும் ரம்ஜானுக்கும் பட்டினி இருப்பவர்கள் அதைப் பல நாட்களுக்கு முன்பே மருத்துவரிடம் சொன்னால், இன்சுலின் அளவையும் மாத்திரை நேரத்தையும் அதற்கேற்ப மாற்றித் தர முடியும். சொல்லாமல் விரதம் இருந்து வழக்கமான அளவைப் போட்டுக்கொண்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். விலையைப் பற்றிப் பேசுவதில் மானப் பிரச்சினை எதுவும் இல்லை. மாதம் முழுவதும் வாங்க முடியாத மருந்தைப் பதினைந்து நாள் சாப்பிட்டுப் பதினைந்து நாள் விடுவதைவிட, "இது எனக்குக் கட்டாது டாக்டர், இதே மருந்து குறைந்த விலையில் உண்டா?" என்று கேட்பது நல்லது. மருந்தின் மூலப்பெயரில் எழுதும்படியும், தெளிவாக, முடிந்தவரை பெரிய ஆங்கில எழுத்துகளில் எழுதும்படியும் மருத்துவர்களுக்கான நன்னடத்தை விதிகள் சொல்கின்றன. எனவே அப்படிக் கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு.

மருத்துவர் செய்ய வேண்டியது, ஆம் அல்லது இல்லை என்று முடியாத கேள்வியைக் கேட்பது. பதிலுக்குக் கோபப்படாமல் இருப்பது. வரிசையில் இன்னும் எண்பது பேர் நிற்கும் அரசு மருத்துவரிடம் இதை எதிர்பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதை அறிந்தே எழுதுகிறேன். ஆனாலும் நோயாளி பேசத் தொடங்கியதும் இடைமறிக்காமல் ஒரு நிமிடம் கேட்டால் போதும். பெரும்பாலோர் அதற்குள் முக்கியமானதைச் சொல்லிவிடுவார்கள்.

ஐந்தாம் படி: முடிவெடுப்பதற்கு முன் கேளுங்கள்

எல்லா நோய்க்கும் ஒரே ஒரு வழிதான் இருக்கும் என்பதில்லை. முழங்கால் மூட்டுத் தேய்மானத்தை எடுத்துக்கொள்வோம். தொடைத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி, எடைக் குறைப்பு, கைத்தடி, வேண்டும்போது மட்டும் வலி மருந்து என்பது ஒரு வழி. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை இன்னொரு வழி. எக்ஸ்ரே எவ்வளவு மோசமாக இருந்தாலும், எது வேண்டும் என்பதை எக்ஸ்ரே மட்டும் முடிவுசெய்ய முடியாது. லிஃப்ட் இல்லாத ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருப்பவருக்கும் தரைத்தளத்தில் இருப்பவருக்கும் விடை வேறாக இருக்கலாம். அறுவை சிகிச்சைக்குப் பின் தரையில் சம்மணமிட்டு உட்காருவதும் குத்துக்காலிடுவதும் பொதுவாகத் தவிர்க்கச் சொல்லப்படும். வாசலில் குனிந்து கோலம் போடுவதும் தரையில் அமர்ந்து பூஜை செய்வதும் தன் நாளின் பெரும்பகுதி என்று நினைக்கும் ஒருவர் இதை முன்பே அறிந்துதான் முடிவெடுக்க வேண்டும். பல வாரங்கள் பிசியோதெரபி செய்ய வேண்டும், அதற்கு அழைத்துப் போக ஆள் வேண்டும். இவற்றில் எதையும் மருத்துவர் கேட்காமலே அறிந்துவிட முடியாது.

எந்தப் பெரிய சிகிச்சைக்கு முன்பும் இவற்றைக் கேளுங்கள். இது எதற்காக? இதைத் தவிர வேறு வழி என்ன? சில மாதம் பொறுத்திருந்தால் என்ன ஆகும்? என் வயதுக்கும் மற்ற நோய்களுக்கும் இதில் என்ன ஆபத்து? மொத்தச் செலவு எவ்வளவு, காப்பீடு ஏற்குமா? குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் கிடைக்கும். உங்கள் சிகிச்சை அதில் அடங்குமா என்பதைத் தேதி குறிப்பதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள்.

இக்கேள்விகளைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். சிகிச்சையின் தன்மை, நோக்கம், பலன், மாற்று வழிகள், பெரிய ஆபத்துகள், மறுத்தால் ஏற்படும் விளைவு ஆகியவற்றைப் போதுமான அளவு விளக்கிய பிறகு பெறுவதுதான் செல்லுபடியாகும் சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்திருக்கிறது. பரிசோதனைக்கு மட்டும் கொடுத்த சம்மதத்தை அறுவை சிகிச்சைக்கும் கொடுத்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது, உயிரைக் காக்க உடனே செய்தே ஆக வேண்டிய நிலை மட்டுமே விதிவிலக்கு என்பதும் அதே தீர்ப்புதான். ஆகவே நர்ஸ் நீட்டும் படிவத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். படித்தவர்களும் இதில் அவசரப்படுகிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது முதல் மருத்துவரை அவமதிப்பதாகாது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-இல் உருவாக்கிய நோயாளி உரிமைச் சாசனத்தின் 17 உரிமைகளில் இதுவும் ஒன்று. நேரடியாகவே, "பெரிய முடிவு டாக்டர், இன்னொருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றோம், ரிப்போர்ட் நகல் வேணும்" என்று சொல்லுங்கள். தன் தொழிலில் தெளிவுள்ள மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

ஆறாம் படி: புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்

நம் ஊர் மருந்துச் சீட்டில் 1-0-1 என்று எழுதியிருந்தால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்று பொருள். இது எல்லோருக்கும் தெரியும் என்றே மருத்துவர்கள் நினைக்கிறார்கள், பலருக்குத் தெரிவதில்லை. மூட்டு அழற்சிக்குக் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மருந்து. அதைத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட்டு, குறைந்தது அரை மணி நேரம் கழித்தே காபி குடிக்க வேண்டும். எழுந்ததும் ஃபில்டர் காபி இல்லாமல் கண் திறக்காத வீடுகளில் மாத்திரையும் காபியும் ஒன்றாகவே உள்ளே போகின்றன. பிறகு அளவு ஏன் சரியாகவில்லை என்று குழம்புகிறார்கள். இரும்புச் சத்து மாத்திரைக்கும் இதே கதிதான்.

ஆகவே எழுந்திருக்கும் முன் ஒரு நிமிடம் எடுத்து, "நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு பாருங்க டாக்டர்" என்று தொடங்கி, எந்த மாத்திரை எப்போது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள், ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது, எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும் என்பதை உங்கள் வாயால் சொல்லிக் காட்டுங்கள். மருத்துவர்களும் இதைக் கேட்டு வாங்கலாம். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் வருவது தலையாட்டல்தான். "நான் சரியா விளக்கினேனான்னு தெரியணும், வீட்டுக்குப் போய் எப்படிப் போடுவீங்க, சொல்லுங்கம்மா" என்று கேட்டால், சோதிக்கப்படுவது தாம் அல்ல, மருத்துவரின் விளக்கம்தான் என்பது தெரிந்து நோயாளியும் தயங்காமல் பேசுவார்.

ஏழாம் படி: குடும்பத்துக்கு உரிய இடத்தைக் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்

நம் ஊரில் நோயாளி தனியாக மருத்துவரிடம் போவது அரிது. மகன், மருமகள், தம்பி, பக்கத்து வீட்டு அக்கா என்று ஒருவராவது கூட வருவார். அது பெரும் பலம். காது மந்தமானவருக்கும், பயத்தில் பாதி காதில் விழாதவருக்கும் கூட இருப்பவரே நினைவு. ஆனால் அந்தக் கூட இருப்பவரே நோயாளிக்குப் பதிலாகப் பேசத் தொடங்கும்போது சிக்கல் வருகிறது. எழுபது வயது அம்மா எதிரே உட்கார்ந்திருக்க, மருத்துவர் மகனைப் பார்த்து "சாப்பாடு எப்படி சாப்பிடுறாங்க?" என்று கேட்பதும், மகன் பதில் சொல்வதும் அன்றாடக் காட்சி. மருத்துவர்களே, முதல் கேள்வியை அந்த அம்மாவைப் பார்த்துக் கேளுங்கள். பிள்ளைகளே, பரிசோதனையின்போது ஐந்து நிமிடம் வெளியே நில்லுங்கள். மருமகளின் முன்னால் சொல்ல முடியாத ஒன்று மாமியாருக்கும், கணவர் முன்னால் சொல்ல முடியாத ஒன்று மனைவிக்கும் இருக்கும்.

இதில் மிகக் கடினமான இடம் புற்றுநோய். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் தொடங்கியபோது அந்த நோயின் பெயரைச் சொல்லவே வீடுகள் அஞ்சின. சிகிச்சைகள் அதற்குப் பின் எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆரம்பத்திலேயே கண்டறிந்தால் பல வகைகள் குணமாகின்றன. அச்சம் மட்டும் அப்படியே இருக்கிறது. "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்" என்று பிள்ளைகள் அறைக்கு வெளியே மருத்துவரின் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த அன்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மருத்துவமனையின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரிந்த, முடி கொட்டுவதைக் கண்ணாடியில் பார்க்கிற ஒரு மனிதரிடம் எத்தனை நாள் மறைக்க முடியும்? பெரும்பாலும் அவருக்குத் தெரிந்தே இருக்கும். பிள்ளைகள் வருந்துவார்கள் என்று அவரும் தெரியாதது போல் நடிப்பார். ஒருவரையொருவர் காப்பாற்ற நினைத்து, ஒரே வீட்டில் எல்லோரும் தனித்தனியாக அழுதுகொண்டிருப்பார்கள்.

இதற்கு நடைமுறையில் உதவும் வழி, எவ்வளவு சொல்வது என்ற முடிவை நோயாளியிடமே விடுவதுதான். "உங்க ரிப்போர்ட் பத்தின விவரம் எல்லாத்தையும் உங்ககிட்டயே சொல்லட்டுமா, இல்ல உங்க மகன்கிட்ட பேசணுமா?" என்று மருத்துவர் முதலிலேயே கேட்டுவிடலாம். எல்லாம் தெரிய வேண்டும் என்பார் சிலர். மகனிடம் பேசுங்கள் என்பார் சிலர். இரண்டும் அவர் எடுத்த முடிவு. மனத்தெளிவோடு இருக்கும் வயது வந்தவரின் உடலைப் பற்றிய இறுதிச் சொல் அவருடையது; கணவருக்கோ பிள்ளைக்கோ அது தானாகப் போய்ச் சேராது.

எட்டாம் படி: கருத்து வேறுபாடு வந்தால்

எதிர்பார்த்த பலன் கிடைக்காதபோதும், மருத்துவர் முகங்கொடுத்துப் பேசாதபோதும் கோபம் வருவது இயல்பு. முதலில் அந்த மருத்துவரிடமே, கூட்டம் குறைந்த நேரத்தில், "எனக்கு இந்த இடம் புரியல, கொஞ்சம் விளக்க முடியுமா?" என்று கேளுங்கள். தீராவிட்டால் அரசு மருத்துவமனையில் நிலைய மருத்துவ அலுவலரையும், தனியார் மருத்துவமனையில் நிர்வாகத்தையும் எழுத்தில் அணுகுங்கள். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நன்னடத்தை விதிகள் சொல்கின்றன. உள்நோயாளிகளின் ஆவணங்களை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில் உண்டு. தொழில் நெறி மீறப்பட்டதாகக் கருதினால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடமும், கட்டணம் செலுத்திப் பெற்ற சேவையில் குறை என்றால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திடமும் முறையிடலாம்.

கையை ஓங்குவது மட்டும் எந்தக் காரணத்தாலும் கூடாது. 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர்சிறப்பு மருத்துவமனையில் பணியிலிருந்த புற்றுநோய் மருத்துவர் ஒருவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தண்டிக்க 2008-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் உண்டு. ஆனால் சட்டத்தால் ஈடுசெய்ய முடியாத இழப்பு ஒன்று இருக்கிறது. உயிருக்கு அஞ்சும் மருத்துவர், சிக்கலான நோயாளியை ஏற்கத் தயங்குவார். கெட்ட செய்தியை மனம்விட்டுப் பேச மாட்டார். அதன் பாதிப்பு வரிசையில் அடுத்து நிற்கும் ஏழை நோயாளியின் தலையில்தான் விழும்.

ஒன்பதாம் படி: வீடு திரும்பிய பிறகு

ஆண்டு முழுவதும் மருத்துவரோடு நீங்கள் செலவிடும் நேரத்தைக் கூட்டினால் சில மணி நேரம்கூட வராது. மீதி நாட்களெல்லாம் சிகிச்சை உங்கள் கையில். புதிய மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால் நீங்களாக நிறுத்தாமல், கூப்பிட்டுக் கேளுங்கள். மருத்துவர் வாட்ஸ்ஆப் எண் கொடுத்திருந்தால் ஒரே செய்தியில் பெயர், வயது, என்ன மருந்து, என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து என்று எழுதி அனுப்புங்கள், இரவு பதினொரு மணிக்கு "டாக்டர் இருக்கீங்களா?" என்று மட்டும் அனுப்பாதீர்கள். அவசரத்துக்கு அந்த எண்ணை நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம். பொதுவான ஆலோசனைக்கு 104 உண்டு.

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்கவே மாதாமாதம் வரிசையில் நிற்க முடியாத முதியவர்களுக்கும் படுக்கையில் இருப்பவர்களுக்கும், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மருந்து வருகிறது. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். வீடு தேடி வரும் பணியாளரிடமும் மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தாமல், கால் மரத்துப்போவது, ஆறாத புண், அடிக்கடி வரும் மயக்கம் ஆகியவற்றைச் சொல்லுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையை எப்போது செய்ய வேண்டும் என்று கேட்டுக் காலண்டரில் குறித்துவையுங்கள். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் இனிப்பை நிறுத்தி அந்த எண்ணை ஏமாற்ற முடியாது. ஏமாற்ற வேண்டிய தேவையும் இல்லை. மறுபரிசோதனைக்குப் போகும்போது போன முறை எழுதித் தந்தவற்றில் எதைச் செய்ய முடிந்தது, எது முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று மூன்று வரிகள் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பாகவே அந்தத் தேதி அமையும்படி பார்த்துக்கொண்டால், இடையில் மழையோ ஊர்ப் பயணமோ வந்தாலும் ஒரு வேளை மருந்தும் விட்டுப்போகாது.